'சாங்க்துஸ்' என்னும் சொல்
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டில் நம் முன்னோரின் விசுவாசத்தை நன்றியோடு நினைக்கிறோம். பூசையில் அவர்கள் பொருள் அறிந்தும் அறியாமலும் பக்தியோடு கேட்டு வந்த ஓர் இலத்தீன் சொல்லை இன்று சிந்திப்போம். அது 'சாங்க்துஸ்'. 'தூய' என்பது அதன் பொருள்.

தமிழில் தூய சூசையப்பர், தூய மரியாள், தூய நகரம் என்று எங்கும் 'தூய' மாறாமல் நிற்கிறது. தூயவன், தூயவள், தூயது என்னும்போதுதான் ஈறு மாறுகிறது. இலத்தீனிலோ பெயரோடு சேரும்போதே ஈறு மாறிவிடும். ஆண்பாலுக்குச் சாங்க்துஸ், பெண்பாலுக்குச் சாங்க்தா, இரண்டுமல்லாத மூன்றாம் பாலுக்குச் சாங்க்தும். ஆண்பாலில் ஒருவரை விளித்தால் சாங்க்தே, பலரானால் சாங்க்தி. ஆகவேதான் சகல புனிதர்களின் பிரார்த்தனையில் தேவதாயைச் 'சாங்க்தா' என்றும், அதிதூதர் மிக்கேலைச் 'சாங்க்தே' என்றும் அழைத்தார்கள். திருச்சபையைக் குறிக்கும் 'எக்ளேசியா' பெண்பாற்சொல்; அதற்கும் 'சாங்க்தா'தான்.

உச்சரிப்பில் ங், க், த் மூன்றும் ஒலிக்க வேண்டும். உரோமை முறைப்படி உச்சரிப்பதைப் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1912-இல் எழுதிய கடிதமொன்றில் பாராட்டி ஊக்குவித்தார். ஆனால் நடுவிலுள்ள ககரம் நழுவுவது புதுமையன்று. போர்த்துக்கீசியர் நாவிலே அது 'சாந்து' ஆயிற்று. நம் முன்னோர் 'இஸ்பிரீத்து சாந்து' என்று செபித்தது இவ்வழியே வந்ததுதான். மயிலாப்பூர்ச் சாந்தோம் என்பதும் 'தூய தோமா'தான். சந்தியாகப்பர் என்ற பெயரிலோ 'தூய யாக்கோபு' முழுவதுமாக ஒளிந்திருக்கிறது. எனவே 'புனித சந்தியாகப்பர்' என்னும்போது அவரை இருமுறை புனிதராக்குகிறோம்!

1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு வழி திறந்தது. அந்த ஏட்டின் பெயரும் 'சாக்ரோசாங்க்தும் கொன்சீலியும்' என்றே தொடங்குகிறது. சங்கத்தைக் குறிக்கும் சொல் மூன்றாம் பாலாதலால் ஈறு 'தும்' ஆயிற்று. இலத்தீன் சொல்லே தமிழுக்குக் கதவைத் திறந்துவிட்டது எனலாம்.

அன்பர்களே, இச்சொல் பீடத்திலுள்ள சுரூபங்களுக்கு மட்டும் உரியதன்று. அர்ச். சின்னப்பர் பிலிப்பி நகரத்தாருக்கு எழுதும்போது, உயிரோடிருந்த சாதாரண விசுவாசிகளையே புனிதர்கள் என்று அழைத்தார். அவர்கள் கடை வைத்தவர்கள், கூலி வேலை செய்தவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள். 'சாங்க்தி' என்ற பன்மையில் நமக்கும் இடமுண்டு. ஈறு மாறினாலும் வேர் மாறாத அச்சொல்லைப் போல, வயலிலும் கடைவீதியிலும் வீட்டிலும் நம் நிலை மாறினாலும் தூய்மை மாறாமல் வாழ்வோமாக. அதுவே இந்த ஜூபிலிக்கு நாம் செலுத்தும் காணிக்கை.