செலக்‌ஷன் மெயில் வந்தாச்சு, ராத்திரி எங்க தூங்குறது?

போன எபிசோட்ல சம்மர் ரிசர்ச் ஃபெலோஷிப்புக்கு எப்படி அப்ளை பண்றதுன்னு பேசியிருந்தோம். அதுக்கு வந்த மெசேஜ்கள்ல பாதிக்கு மேல வேற ஒரு கேள்விதான் இருந்துச்சு. "ப்ரோ, செலக்ட் ஆயிட்டேன். ஆனா வீட்ல விட மாட்டேங்கிறாங்க." அதனால இன்னைக்கு சயின்ஸ் பேசப் போறதில்ல. டிக்கெட், ரூம், மெஸ், காசு, இதை மட்டும்தான் பேசப் போறேன்.

புதுசா கேக்குறவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மே, ஜூன், ஜூலை மாசங்கள்ல நம்ம நாட்டுல காலேஜ் பசங்களுக்கு நிறைய ஆராய்ச்சிப் பயிற்சிகள் நடக்குது. பெங்களூருல இருக்கிற இந்தியன் அகாடமி ஆஃப் சயின்ஸஸ், டெல்லில இருக்கிற இன்சா, பிரயாக்ராஜ்ல இருக்கிற நாசி, இந்த மூணு அகாடமியும் சேர்ந்து ஒரு ஃபெலோஷிப் நடத்துறாங்க. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல ஒரு சம்மர் ஃபெலோஷிப் இருக்கு. மும்பை டி.ஐ.எஃப்.ஆர்.ல வி.எஸ்.ஆர்.பி., புனே ஐயூகால ஒண்ணு. பெரும்பாலும் ரெண்டு மாசக் கணக்கு. ஸ்டைபெண்டும் உண்டு. ஒரு சின்ன ஊர் காலேஜ்ல பி.எஸ்சி. படிக்கிற ஒருத்தருக்கு, நிஜமான ஒரு லேபுக்குள்ள போய் வேலை பார்க்கக் கிடைக்கிற முதல் வாய்ப்பு இதுவாத்தான் இருக்கும்.

நான் பார்த்த ஒரு கேஸை வச்சே சொல்றேன். என் சித்தப்பா பொண்ணு, கோவில்பட்டில பி.எஸ்சி. பிசிக்ஸ் ரெண்டாம் வருஷம். 2025 ஏப்ரல் முதல் வாரம் அவளுக்கு மெயில் வந்துச்சு. பெங்களூரு, ஜக்கூர் பக்கம் ஒரு நிறுவனம். மே 19 திங்கக்கிழமை சேரணும், எட்டு வாரம். வர்றதா இல்லையான்னு 5 நாள்ல பதில் சொல்லணும்.

சித்தப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுறார். பொண்ணு படிக்கிறதுல அவருக்கு ரொம்பப் பெருமை. ஆனா போன்ல என்கிட்ட அவர் கேட்டது ரெண்டே கேள்வி. "டேய், அவ ராத்திரி எங்க தங்குவா? அவங்களே காசு தர்றாங்கன்னா, நாம எதுக்குடா கையிலேர்ந்து செலவு பண்ணணும்?"

ரெண்டுமே நியாயமான கேள்வி. மெயில்ல ரெண்டுக்கும் பதில் இல்ல. "தங்குமிடம் இருப்பைப் பொறுத்து வழங்கப்படும்"னு ஒரே ஒரு வரி இருந்துச்சு. அந்த வரியை வச்சுக்கிட்டு எந்த அப்பாவும் பொண்ணை ரயில் ஏத்த மாட்டார். அவர் தயங்கினதைப் பழமைவாதம்னு சொல்லிட்டுப் போயிடலாம். எனக்கு அப்படித் தோணல. அவர்கிட்ட தகவல் இல்ல, அவ்வளவுதான்.

முதல்ல ராத்திரிகளை எண்ணுங்க

ப்ரோக்ராம் நடத்துறவங்க நாள்கணக்குல யோசிப்பாங்க. நீங்க ராத்திரிக் கணக்குல யோசிக்கணும். ஒரு ஷீட்டைத் திறங்க. கிளம்புற ராத்திரியிலேர்ந்து வீட்டுக்குத் திரும்புற ராத்திரி வரைக்கும் ஒரு ராத்திரிக்கு ஒரு வரி. பக்கத்துல நாலு காலம்: எங்க தூங்குறோம், அது உறுதியா இல்லையா, எவ்வளவு செலவு, அந்தக் காசு யார் எப்போ தருவாங்க.

நடுவுல இருக்கிற ஐம்பது ராத்திரி பெரும்பாலும் சுலபமா நிரம்பிடும். சிக்கல் எப்பவும் ரெண்டு ஓரத்துலதான். கோடு எழுதுறவங்களுக்கு இது புரியும், லூப்போட முதல் சுத்துலயும் கடைசி சுத்துலயும்தான் பக் ஒளிஞ்சிருக்கும்.

தங்கச்சி விஷயத்துல பாருங்க. திங்கக்கிழமை காலைல சேரணும். ஞாயிறு சாயங்காலம் கிளம்பினா திங்கள் காலைல பெங்களூரு. வண்டி லேட்டாச்சுன்னா முதல் நாளே போச்சு. அதனால சனி சாயங்காலம், மே 17 கிளம்பி, ஞாயிறு காலைல இறங்குறதுன்னு முடிவு பண்ணோம். அப்போ ஞாயிறு ராத்திரி எங்க? ஹாஸ்டல் ரூம் திங்கக்கிழமையிலேர்ந்துதான்னு சொல்லிட்டா? ஞாயித்துக்கிழமை ஆபீஸ் பூட்டியிருந்தா சாவி யார் தருவாங்க? கூட வர்ற சித்தப்பா எங்க போவார்? கடைசிலயும் இதே கதை. வேலை முடியுறது ஜூலை 11 வெள்ளி, ஊருக்கு வண்டி ஜூலை 12 சனி. வெள்ளி சாயங்காலமே ரூமைக் காலி பண்ணச் சொன்னா?

டிக்கெட்

2024 நவம்பர் 1லேர்ந்து ரயில் முன்பதிவு 120 நாள் இல்ல, 60 நாள்தான், பயண நாளைச் சேர்க்காம. மே 17க்கு 60 நாள் பின்னாடி எண்ணினா மார்ச் 18. அன்னைக்கே புக்கிங் திறந்தாச்சு. மெயில் வந்தது ஏப்ரல்ல. மே மாசம் ஸ்கூல் லீவு, கல்யாணம், கோயில் திருவிழா எல்லாம் ஒண்ணா வர்ற நேரம். கோவில்பட்டியிலேர்ந்து பெங்களூருக்கு வசதியான வண்டி தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸ். பார்த்தா வெயிட்டிங் லிஸ்ட்.

இங்க மூணு விஷயம் தெரிஞ்சுக்கோங்க.

ஒண்ணு, எல்லா வெயிட்டிங் லிஸ்ட்டும் ஒண்ணு இல்ல. ஜி.என்.டபிள்யூ.எல்.னு இருந்தா கன்ஃபர்ம் ஆக வாய்ப்பு அதிகம். ஆர்.எல்.டபிள்யூ.எல்., பி.க்யூ.டபிள்யூ.எல்.னு இருந்தா கம்மி. வண்டி கிளம்புற ஊர்லேர்ந்து டிக்கெட் போட்டா பெரும்பாலும் முதல் வகைல வரும். அதனால நாங்க தூத்துக்குடியிலேர்ந்து டிக்கெட் எடுத்து, ஏறுற இடத்தைக் கோவில்பட்டின்னு கொடுத்தோம். கொஞ்சம் காசு கூட ஆகும், ஆனா இது முறைப்படி அனுமதிச்ச வழிதான்.

ரெண்டு, ஆர்.ஏ.சி. வந்தா பயப்படாதீங்க, வண்டில ஏறலாம். சைடு லோயர்ல ரெண்டு பேர் உட்கார்ந்து போகணும், அவ்வளவுதான். ஆனா சார்ட் போட்ட பிறகும் முழு வெயிட்டிங் லிஸ்ட்டாவே இருந்தா ஆன்லைன் டிக்கெட் தானா கேன்சல் ஆயிடும். அதை வச்சுக்கிட்டு ஏறக்கூடாது. சின்னத் தொகை பிடிச்சுக்கிட்டு மீதியைத் திருப்பித் தருவாங்க. அதனால மாற்று ஏற்பாடு ஒண்ணு கட்டாயம் வேணும். திருநெல்வேலியிலேர்ந்து பெங்களூரு போற அரசு விரைவுப் பேருந்தை நாங்க மனசுல வச்சிருந்தோம். கடைசில ஆர்.ஏ.சி. வந்து, அதுவும் கன்ஃபர்ம் ஆயிடுச்சு.

தட்கல் இருக்கேன்னு நினைச்சா, வண்டி கிளம்புறதுக்கு முந்தின நாள் ஏசி 10 மணிக்கு, ஸ்லீப்பர் 11 மணிக்குத் திறக்கும். 2025 ஜூலையிலேர்ந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு வேணும். கன்ஃபர்ம் ஆன தட்கலைக் கேன்சல் பண்ணினா காசு திரும்பாது.

மூணு, திரும்பி வர்ற டிக்கெட். ஜூலை 12 பயணத்துக்கு புக்கிங் திறக்கிறது மே 13. அதாவது அவ ஊரை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே. இதை போன்ல அலாரமா வச்சுடுங்க. போய்ட்டா லேப் வேலைல எல்லாம் மறந்துரும்.

"நம்ம ஆள் ஒருத்தர் அங்க இருக்கார்"

இந்த டயலாக் வராத வீடே கிடையாது. எங்க வீட்லயும் வந்துச்சு. "எலக்ட்ரானிக் சிட்டில உங்க அத்தை மகன் இருக்கான்ல, அங்க தங்கிக்கிட்டுப் போய்ட்டு வரட்டும்." நல்ல மனசுதான். ஆனா மேப்பைத் திறந்து காட்டினேன். எலக்ட்ரானிக் சிட்டி பெங்களூரோட தெற்கு ஓரம், ஓசூர் ரோடு. ஜக்கூர் வடக்கு ஓரம், பெல்லாரி ரோடு பக்கம். நடுவுல 30 கிலோமீட்டருக்கு மேல, முழு பெங்களூரு டிராஃபிக். தினமும் போய்ட்டு வந்தா மிஞ்சுறது தலைவலிதான்.

ஊர் பேர் மட்டும் பார்த்துப் பத்தாது. ஐ.ஐ.எஸ்சி. யஷ்வந்த்பூர், மல்லேஸ்வரம் பக்கம். வானியற்பியல் நிறுவனம் கோரமங்களால. ஸ்டேஷனும் அப்படித்தான். மெஜஸ்டிக்ல இருக்கிறது கே.எஸ்.ஆர்., அது போக கன்டோன்மென்ட், யஷ்வந்த்பூர், பையப்பனஹள்ளில எஸ்.எம்.வி.டி. எந்த ஸ்டேஷன்ல இறங்குறோம், அங்கேர்ந்து கேம்பஸ் கேட் எவ்வளவு தூரம்னு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே பாருங்க. கே.எஸ்.ஆர்.ல இறங்கினா எதிர்லயே கெம்பேகவுடா பஸ் ஸ்டாண்ட், ஊரோட எல்லாப் பக்கமும் பஸ் கிடைக்கும். ஞாயித்துக்கிழமை காலைல மெட்ரோ மத்த நாளைவிட லேட்டாத்தான் ஆரம்பிக்கும், அதையும் கணக்குல வைங்க.

ஒரே மெயில்ல கேக்க வேண்டியது

கேட்டா தப்பா நினைப்பாங்களோன்னு பசங்க கேக்க மாட்டாங்க. ஆபீஸ்ல உக்கார்ந்திருக்கிறவருக்கு இது தினசரி வேலை. மரியாதையா, நம்பர் போட்டு, ஒரே மெயில்ல கேளுங்க. தங்கச்சி கேட்டது இதுதான்.

1. ஹாஸ்டல் ரூம் உறுதியா? எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும்? முந்தின ராத்திரியே வரலாமா?
2. பெண்கள் விடுதி கேம்பஸுக்குள்ளயா, வெளியயா? ராத்திரி லேப்லேர்ந்து திரும்பும்போது எப்படி வருவாங்க?
3. ரூம் வாடகை, டெபாசிட், மெஸ் காசு எவ்வளவு? முதல்லயே கட்டணுமா, ஸ்டைபெண்ட்ல கழிச்சுக்குவாங்களா?
4. ஸ்டைபெண்ட் மாசாமாசமா, கடைசிலயா? பயணப்படி எந்த வகுப்பு வரைக்கும்? தட்கல், பஸ் டிக்கெட்டை ஏத்துக்குவாங்களா?
5. கூட வர்ற பெற்றோர் ஒரு ராத்திரி தங்க கெஸ்ட் ஹவுஸ் இருக்கா?

ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு. ஞாயிறு காலையிலேர்ந்து ரூம் உண்டு, சாவி கேட்ல செக்யூரிட்டிகிட்ட இருக்கும். விடுதி கேம்பஸுக்குள்ளயே. அப்பா தங்க இடம் இல்ல. அதனால சித்தப்பா அன்னைக்கு சாயங்கால வண்டிக்கே திரும்புறதுன்னு டிக்கெட் போட்டோம். அந்தப் பதிலை நான் தமிழ்ல எழுதி அவருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழிச்சு போன் பண்ணி, "சரிடா, வர்றேன்னு பதில் போடச் சொல்லு"ன்னார்.

ஒருவேளை ரூம் இல்லைன்னு பதில் வந்திருந்தா? அப்பவும் முடிஞ்சு போயிடல. போன வருஷம் அதே லேபுக்குப் போனவங்க யாருன்னு கைடுகிட்ட கேட்டு, அவங்க தங்கின பி.ஜி.யோட நம்பரை வாங்குங்க. ரெண்டு மாசத்துக்குத் தருவாங்களா, அட்வான்ஸ்ல எவ்வளவு பிடிப்பாங்க, கிளம்ப எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், இந்த மூணையும் கேளுங்க. போட்டோ மட்டும் பார்த்துட்டு, "இன்னைக்கே அனுப்பினாத்தான் ரூம்"னு சொல்ற ஆளுக்கு யூ.பி.ஐ.ல காசு போடாதீங்க. தெரிஞ்சவர் யாரையாவது நேர்ல ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க.

காசு வரும், ஆனா லேட்டா வரும்

சித்தப்பாவோட ரெண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். ஸ்டைபெண்டும் பயணப்படியும் உண்மைதான். ஆனா பல இடங்கள்ல பயணப்படி பில் கொடுத்த பிறகுதான் வரும், ஸ்டைபெண்ட் மாசம் முடிஞ்ச பிறகு வரும். அதுவரைக்கும் நம்ம கைக்காசு. மெஸ் ஒரு நாளைக்கு 150 ரூபாய்னு வச்சுக்கிட்டா 56 நாளுக்கு 8,400. அதோட டெபாசிட், ரெண்டு பேர் ரயில் டிக்கெட், பக்கெட், போர்வை, லோக்கல் பஸ். வசதியான வீட்டுக்கு இது ஒரு விஷயமே இல்ல. மாசச் சம்பளத்துல ஓடுற வீட்டுக்கு, ஏப்ரல், மே மாசத்துல, அதுவும் அடுத்த வருஷ பீஸ் கட்டுற நேரத்துல, இது பெரிய தொகை.

அதனால முதல் 40 நாள் செலவைத் தனியா கூட்டிப் பாருங்க. திரும்பி வரப்போற காசுன்னா கடனா கேக்குறதுல கூச்சம் வேண்டாம். எந்தத் தேதில வரும்னு சொல்லியே கேளுங்க. மெஸ் காசை ரெண்டு தவணையா கட்டலாமான்னும் கேளுங்க, சில இடத்துல ஒத்துக்குவாங்க. பேங்க் அக்கவுண்ட் மாணவர் பேர்லயே இருக்கணும், ஐ.எஃப்.எஸ்.சி. கோடு சரியா இருக்கான்னு பார்த்துடுங்க. ஒவ்வொரு டிக்கெட்டையும் பி.டி.எஃப்.ஆ ஒரு ஃபோல்டர்ல போட்டு, ஒரு பிரிண்ட்டும் எடுத்து வைங்க. காலேஜ் ஐ.டி., போனஃபைட், பிரின்சிபால் கையெழுத்துப் போட்ட என்.ஓ.சி., ஆதார் நகல், எல்லாத்துலயும் ரெண்டு செட்.

கடைசியா, ப்ரோக்ராம் நடத்துற இடங்கள்ல வேலை பார்க்கிற யாராவது இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, ஒரு வேண்டுகோள். மேல சொன்ன அஞ்சு கேள்விக்கான பதிலை முதல் மெயில்லயே போட்டுடுங்க. மெட்ரோல வளர்ந்த பையனுக்கு அது இல்லாமலும் ஓடும், அவன் ஃபிளைட் போட்டு, ரெண்டு நாள் ஹோட்டல்ல தங்கிக்குவான். கோவில்பட்டியிலேர்ந்து வர்ற பொண்ணுக்கு, அவ வர்றாளா இல்லையாங்கிறதே அந்தப் பதில்லதான் இருக்கு. மார்க் வச்சு ஒரு தடவை வடிகட்டிட்டீங்க. ஹாஸ்டல் விவரம் இல்லாம இன்னொரு தடவை வடிகட்ட வேண்டாமே.

ஏற்கெனவே போய்ட்டு வந்தவங்க, நீங்க தங்கின ஏரியா, மெஸ் செலவு, ஸ்டைபெண்ட் எப்போ வந்துச்சு, இதை மட்டும் உங்க டிபார்ட்மென்ட் ஜூனியர் குரூப்ல எழுதிப் போடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. அடுத்த ஏப்ரல்ல யாரோ ஒருத்தர் அதைத் தன் அப்பாகிட்ட காட்டுவாங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.