வெற்றிவேலில் கொம்பு எங்கே?

தைப்பூசம் நெருங்கிவிட்டால் பினாங்கு அச்சகங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. லிட்டில் இந்தியாவிலிருந்து தண்ணீர்மலை வரை ரதம் போகும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள். பந்தலுக்கு ஒரு பேனராவது வேண்டும்; அதில் ‘வெற்றிவேல்’ என்று இருக்க வேண்டும். ஆனால் ‘வெ’யின் கொம்பு வகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றுகொண்டால்? ‘வே’வுக்கும் அதே கதிதான். பந்தல்காரர் பார்த்துப் பதறுவதற்குள் பேனர் அச்சாகி, பணமும் கட்டியாகிவிட்டிருக்கும்.

ஏன் இப்படி? கணினி முதலில் ‘வ’வையும், பிறகு கொம்பையும் சேமிக்கிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. பழைய டிசைன் மென்பொருள்கள் சில அதைச் செய்வதில்லை. புதிய அடோபி மென்பொருள்களில் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்ற தேர்வை இயக்கினால் கொம்பு இடத்துக்கு வந்துவிடும். தமிழ் படிக்கத் தெரியாத டிசைனரின் கண்ணில் இந்தக் கோளாறு படாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைக்குப் போகிறவருக்குத் தொழிற்சொற்கள் நாலைந்து தெரிந்திருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

‘ஃபான்ட்’ என்பது எழுத்துரு. ஆப்பிள் கணினிகளில் வரும் ‘இணைமதி’ எழுத்துரு மலேசியரான முத்து நெடுமாறன் வடிவமைத்தது. வீட்டுக் கணினியில் இருக்கும் எழுத்துரு கடைக் கணினியில் இல்லையென்றால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். அதற்காகத்தான் ‘அவுட்லைன்’: எழுத்தைப் படமாக்கிவிடுவது. அதன்பின் எங்கே திறந்தாலும் உடையாது. ஆனால் எழுத்துப் பிழையைத் தட்டச்சில் திருத்தவும் முடியாது.

‘லெடிங்’ என்றால் வரி இடைவெளி. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் வரிகளுக்கு நடுவே ஈயத் தகடு செருகுவார்கள். பெயர் அப்படி வந்தது. (1883-லேயே குலாம் காதிறு நாவலர் ‘வித்தியா விசாரிணி’ நடத்திய ஊர் இது!) தமிழில் ‘கி’க்கு மேலே கொக்கி, ‘மு’வுக்குக் கீழே சுழி. ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி தமிழுக்குப் போதாது. மேல்வரியின் சுழி கீழ்வரியின் கொக்கியில் மாட்டிக்கொள்ளும்.

படத்துக்கு ‘ரெசல்யூஷன்’. கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 1200 புள்ளி அகலமுள்ள படம் 4 அங்குலத்துக்குத்தான் தாங்கும். தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு 100 இருந்தாலே போதும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த முருகன் படத்தை பத்தடிக்கு இழுத்தால் முகம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

நிறத்திலும் ஏமாற்றம் உண்டு. திரை ஒளியால் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. திரையில் மின்னிய மயில் நீலம் பேனரில் சற்று மங்கும்.

கடைசியாக ‘ப்ரூஃப்’. ஒரு ஏ4 தாளில் அடித்து வாங்கி, பந்தல்காரரே எழுத்தெழுத்தாகப் படிக்கட்டும். வீட்டில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை இருந்தால் அதனிடமும் கொடுக்கலாம். சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகு கண்ணில் படும் பிழைக்கு, இரண்டாவது பேனரின் காசும் பந்தல்காரர் தலையில்தான்.