வாரம் ஒருமுறை மாத்திரை

சோரியாசிஸ் எனப்படும் செதிற்படை தொற்று நோயன்று. உடலின் எதிர்ப்பாற்றல் நெறி தவறுவதால், ஏறத்தாழ மாதம் ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டிய மேல்தோல் சில நாட்களிலேயே வளர்ந்து செதில் செதிலாக உதிர்கிறது. களிம்புகளுக்கு அடங்காத நோய்க்கும், மூட்டுகளையும் பற்றிக்கொண்ட நோய்க்கும் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் மருந்து மெதோட்ரெக்சேட்.

இதன் பிறப்பில் இந்தியருக்கும் பங்குண்டு. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் வழிநடத்திய ஃபோலிக் அமில ஆராய்ச்சியின் வழிவந்ததே இம்மருந்து. முதலில் இது புற்றுநோய் மருந்து. இதற்கு நெருங்கிய உறவான அமினாப்டெரின், செதிற்படையை மறையச் செய்வது 1951-இல் தெரியவந்தது.

செதிற்படைக்கு இம்மருந்தை வாரத்தில் ஒரே நாள்தான் உட்கொள்ள வேண்டும். வழக்கமான அளவு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. நம் மக்களுக்கோ மாத்திரை என்றாலே காலை, மாலை என்றுதான் பழக்கம். வாரத்திற்குரியதை நாள்தோறும் விழுங்கினால் எலும்பு மச்சை ஒடுங்கும், இரத்த அணுக்கள் குறையும், வாய் புண்ணாகும். உயிரிழப்புகளும் பல நாடுகளில் நேர்ந்துள்ளன. ஆதலால் மருந்துச் சீட்டில் "வாரம் ஒருமுறை" என்பதோடு நில்லாமல், "திங்கட்கிழமை" என்று கிழமையின் பெயரையே எழுதுவது நலம். பக்க விளைவைக் குறைக்கத் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையும் பெரும்பாலும் மஞ்சள் நிறமே. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைப்பது ஆபத்து.

மருந்தைத் தொடங்குமுன் இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பரிசோதனை தேவை. காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் மார்பு எக்ஸ்ரேயும் வேண்டும். மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், முதியோரிடம் அளவைக் குறைக்க நேரும். மதுவை விலக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இம்மருந்து அறவே கூடாது. கோட்ரைமாக்சசோல் போன்ற மருந்துகள் இதன் நச்சுத்தன்மையைப் பெருக்குவதால், எந்த நோய்க்குச் சென்றாலும் இதை உட்கொள்வதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்ற மலிவான மாத்திரை இது. செலவெல்லாம் மீண்டும் மீண்டும் செய்யவேண்டிய பரிசோதனையில்தான். தினக்கூலித் தொழிலாளிக்குப் பரிசோதனைக் கட்டணத்தோடு ஒரு நாள் கூலியும் போய்விடுகிறது. தோல் தெளிந்ததும் அவர் மருத்துவமனையை மறந்து, பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மாத்திரையை மட்டும் வாங்கி வருகிறார். அவரது அறியாமை என்று இதைத் தள்ளிவிடுதல் நியாயமன்று. அவர் போட்ட கணக்கு அப்படி. பரிசோதனையையும் மருந்தின் விலையில் ஒரு பகுதியாகவே கருதி, ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்ய வழி வகுத்தால்தான் அக்கணக்கு மாறும்.

வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல் இவற்றில் எது தோன்றினாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அளவு மிஞ்சியதற்கு ஃபோலினிக் அமிலம் என்ற மாற்று மருந்து உண்டு; அதைத் தாமதமின்றிக் கொடுத்தால்தான் பயன்.