மலையிறங்கும் பிள்ளைகளும் மடிக்கணினியும்



1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் நாம் பறிகொடுத்த 17 பேரை நினைக்கும் கூட்டத்தில் மடிக்கணினி பற்றி எதற்குப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். அன்று ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த மக்கள் கூலி உயர்வு கேட்டார்கள். சிறையிலிருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டார்கள். கொழுந்து பறிக்கிறவருக்குக் கூடுதல் கூலி எதற்கு? தன் பிள்ளை அந்தக் கூடையைச் சுமக்காமல் இருப்பதற்கும்தான்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் கிடைத்தது. உடனே ஒரு கூட்டம் 'ஓசி' என்றது. படம் பார்க்கிறார்கள், அடகு வைக்கிறார்கள் என்றது. வசதியான வீட்டுப் பிள்ளை படம் பார்த்தால் பொழுதுபோக்கு. நம் பிள்ளை பார்த்தால் அரசுப் பணம் பாழ்! கம்மலை அடகு வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற வீட்டிலிருந்து ஒருநாள் மடிக்கணினியும் அடகுக்கடைக்குப் போயிருக்கும். அந்தக் கட்டணத்தை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கேள்வி கேட்பதைச் சாதிப் புத்தி என்றுதான் சொல்வோம்.

நம் கேள்வி வேறு. பத்தாம் வகுப்போடு நின்ற பிள்ளைக்குத் திட்டத்தில் இடமில்லை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி லைன் வீடுகளிலிருந்து மலையிறங்கி, விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கிப் படிக்க வழியில்லாத பிள்ளைக்குப் படிப்பு அறுந்துபோகிற இடமும் அதுதான். தாண்டி வந்தவருக்குத்தான் கருவி.

2019இல் மடிக்கணினி வரவில்லை என்று பல ஊர்களில் மாணவர்கள் போராடினார்கள். மறு ஆண்டே கொரோனா. பாடம் திரைக்குப் போன நேரத்தில் நம் பிள்ளைகள் கையில் திரை இல்லை. கல்வித் தொலைக்காட்சி ஓடியது, மறுக்கவில்லை. ஆனால் தொலைக்காட்சிப் பெட்டியிடம் சந்தேகம் கேட்க முடியுமா?

உருகுவே நாடு 2007 முதல் அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி கொடுத்தபோது பள்ளிகளுக்கு இணையத்தையும் சேர்த்துக் கொடுத்தது. டவர் தேடி மேடேறுகிற மலைக்கு அந்த இரண்டாவது பாதி முக்கியம்.

2025-26 நிதிநிலை அறிக்கை 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்றது. வரவேற்கிறோம். உயர்நிலைப் பள்ளி வாசலுக்கு அது இன்னும் வரவில்லை.

இதற்கிடையில் வீடே கேள்வியாகிவிட்டது. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் பாம்பே பர்மா கம்பெனிக்குக் கொடுத்த 99 ஆண்டுக் குத்தகை 2028இல் முடிகிறது. 2024இலேயே விருப்ப ஓய்வு என்று சொல்லி, வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். தலைமுறைகளாக உழைத்தவர்களுக்குப் பட்டா இல்லை. மடிக்கணினியை எந்த வீட்டில் வைத்துப் படிப்பது?

ஆகவே நாம் மூன்றையும் சேர்த்தே கேட்கிறோம்: ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மடிக்கணினி, அதற்கு இணையம், மலையிறங்கும் குடும்பத்துக்கு நிலத்தோடு வீடு. மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் தோழர்களே.