ஃபார்வர்டு பொத்தான் கடந்து வந்த பாதை

வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றை நாலு பேருக்குத் தட்டிவிட இன்று இரண்டு நொடி போதும். இந்த வசதி எப்படி வந்தது, பிறகு அதற்கு ஏன் கடிவாளம் போட வேண்டியிருந்தது என்று பார்ப்போம்.

முதலில் ட்விட்டரின் கதை. 2006இல் அது தொடங்கியபோது பகிர்வதற்கென்று பொத்தானே கிடையாது. இன்னொருவர் எழுதியது பிடித்திருந்தால் அதை நகலெடுத்து, முன்னால் 'ஆர்டி' (ரீட்வீட் என்பதன் சுருக்கம்) என்று போட்டு, அவர் பெயரையும் சேர்த்து, 140 எழுத்துக்குள் அடங்கும்படி வெட்டிக் குறைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும்போதே அதை ஒருமுறை ஒழுங்காகப் படித்துவிடுவோம். 2009இல் ரீட்வீட் பொத்தான் வந்தது, படிக்காமலே பகிரலாம் என்றானது. அதை உருவாக்கிய குழுவை வழிநடத்திய கிறிஸ் வெதரெல், பத்தாண்டு கழித்து அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார்.

சரி, எதைப் பகிர்கிறோம்? ஜோனா பெர்கர், கேத்தரின் மில்க்மேன் என்ற இரு பேராசிரியர்கள் நியூயார்க் டைம்ஸ் இதழின் சுமார் 7,000 கட்டுரைகளை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். வியப்பு, கோபம், பதற்றம் இவற்றைக் கிளப்பிய கட்டுரைகளே அதிகம் கைமாறின. சோகமானவை அந்த அளவுக்குப் போகவில்லை. மனம் படபடக்கும்போது கை சும்மா இருப்பதில்லை.

இதற்கு உதாரணமாக, 2018இல் இந்தியாவில் வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு வீடியோவைப் பாருங்கள். தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பைக்கில் வந்த இருவர் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அதே இருவர் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டதால், அது நிஜக் கடத்தல் போலத் தெரிந்தது. அனுப்பியவர்களில் பலர் பிள்ளை பெற்றவர்கள், பயந்துபோய் அனுப்பியவர்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் விளைவு கொடூரமானது. அந்த ஆண்டு மே மாதம், குலதெய்வக் கோயிலுக்காகத் திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் காரில் வந்த குடும்பம் ஒன்று, வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. பிள்ளைபிடிப்பவர்கள் என்று ஊர் திரண்டு அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்தார். ஜூலை 1இல் மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் இதே சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

அந்த மாதமே வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் அனுப்ப முடியாதபடி மாற்றத் தொடங்கியது. 2019 ஜனவரியில் உலகம் முழுக்க அதுவே விதி. கொரோனா வதந்திகள் பெருகிய 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே அரட்டைக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். அத்தகைய ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே அறிவித்தது. யாரையும் தடுக்கவில்லை, கொஞ்சம் தாமதப்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

பல கை மாறி வந்த செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். அதைப் பார்த்தால், அனுப்பியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது உங்களுக்கு யார் அனுப்பினது?" பதில் வரும்வரை அதை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.