கம்ப்யூட்டர் வைரஸ் யார் செய்த வேலை?

(ஜீவனஹள்ளி மாலை வகுப்பில் தொண்டர் ஒருவர் பேசியது)



நம் பெங்களூரைக் கம்ப்யூட்டர் நகரம் என்கிறார்கள். நம் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். நம் கையில் உள்ள செல்போனும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். அதில் வைரஸ் வந்துவிட்டது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது என்ன?

அது கொசுவால் வருவதில்லை. கெட்ட தண்ணீரால் வருவதில்லை. அது மனிதர் எழுதிய ஒரு புரோகிராம்.

புரோகிராம் என்றால் வரிசையாக எழுதிய கட்டளைகள். அரிசியைக் களை, உலையில் போடு, கஞ்சியை வடி என்று சொல்வது மாதிரி. கம்ப்யூட்டர் எழுதியபடியே செய்யும். நல்லது கெட்டது அதற்குத் தெரியாது. "இருப்பதை அழி, உன்னைப் போல நகல் எடுத்து நாலு பேருக்கு அனுப்பு" என்று எழுதினால் அதையும் செய்யும். இப்படிப் பரவுவதால்தான் வைரஸ் என்று பெயர்.

1986-இல் பாகிஸ்தானில் லாகூர் நகரில் இரண்டு சகோதரர்கள் ஒரு வைரஸ் எழுதினார்கள். அதன் பெயர் பிரெயின். தாங்கள் எழுதிய புரோகிராமைச் சிலர் திருட்டு நகல் எடுப்பதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். ஆனால் அது லாகூரில் நிற்கவில்லை. ஃப்ளாப்பித் தட்டுகள் வழியாகப் பல நாடுகளுக்குப் போனது.

2000-ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து இன்னொன்று கிளம்பியது. "நான் உன்னை நேசிக்கிறேன்" என்ற தலைப்பில் ஈமெயிலாக வந்தது. ஆசையாகத் திறந்தவர்களின் படங்களை அழித்தது. அவர்களுக்குத் தெரிந்த எல்லோருக்கும் தானே கடிதம் அனுப்பியது. அதை எழுதியவர் ஒரு மாணவர். அப்போது அந்த நாட்டில் இதற்குச் சட்டம் இல்லை. அதனால் தண்டனையும் இல்லை. சட்டம் இல்லை என்றால் தவறு இல்லை என்று ஆகிவிடுமா?

நம் நாட்டுக்கு வருவோம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இப்படி ஒரு தாக்குதல் நடந்தது. ஐந்து பெரிய கம்ப்யூட்டர்களில் இருந்த பதிவுகள் பூட்டப்பட்டன. பல நாட்கள் எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டியிருந்தது. சீட்டு வாங்கவும் பரிசோதனை முடிவு வாங்கவும் நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள். அவர்கள் யாருக்கு என்ன தீங்கு செய்தார்கள்?

எழுதுபவர் சொல்லும் காரணம் மாறலாம். என் பொருளைக் காக்க என்பார். விளையாட்டுக்கு என்பார். பணத்துக்கு என்பார். அவதிப்படுவது என்னவோ ஒன்றும் அறியாதவர்தான்.

இதைப் பற்றிப் படிப்பது தவறல்ல. பூட்டுச் செய்பவருக்குப் பூட்டைத் திறக்கவும் தெரியும். வீட்டுக்காரர் கூப்பிட்டால் திறக்கிறார். கூப்பிடாமல் திறந்தால் அது திருட்டு. வைரஸைப் பிடிக்கும் புரோகிராம் எழுதுபவர்களும் வைரஸைப் படித்தவர்களே. கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டே தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தது. வேண்டுமென்றே வைரஸ் பரப்பினால் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

நமக்கும் பொறுப்பு இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் கெட்ட புரோகிராம் வருகிறது. பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்ற மூன்று ஆங்கில எழுத்து இருக்கும். அது பத்திரிகை அல்ல. திறக்காதீர்கள். அடுத்தவருக்கும் அனுப்பாதீர்கள். தெரிந்தவர் அனுப்பியிருந்தால் அவரிடம் போன் செய்து கேளுங்கள். அவருக்கே தெரியாமல் அது வந்திருக்கலாம். பாங்குப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

நீங்கள் இப்போது எழுத்தைக் கூட்டிப் படிக்கிறீர்கள். செல்போனில் எதைத் தொடும் முன்பும் அந்த எழுத்தைப் படியுங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். பிறகு தொடுங்கள்.