கிராப்பெல்லி என்னும் பிடில் வித்வான்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பிள்ளையொருவன் சங்கீதத்தையே தொழிலாகக் கொள்ள விரும்பினால், “சோற்றுக்கு வழி யாது?” என்று பெற்றோர் கேட்பது வழக்கம். கேள்வி நியாயமானதே. அதற்கு மேனாட்டு வித்வான் ஒருவரது சரித்திரத்தைக்கொண்டு விடை கூற முயல்கிறேன்.

அமெரிக்காவில் ஆப்பிரிக்க வம்சத்தாரிடையே தோன்றியது ‘ஜாஸ்’ சங்கீதம். நம் வித்வான்கள் கற்பனாஸ்வரம் பாடுவதுபோல, ஒரு மெட்டை ஆதாரமாகக்கொண்டு அந்த க்ஷணத்திலேயே புதிது புதிதாகக் கற்பித்து வாசிப்பதே அதன் உயிர். அந்தச் சங்கீதத்தைப் பிடிலில் வாசித்துப் புகழ்பெற்றவர் ஸ்டெபான் கிராப்பெல்லி.

அவர் 1908-ம் வருஷம் பாரிஸ் நகரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். முதல் மகாயுத்தத்தில் தந்தை இத்தாலிய சேனைக்குச் செல்லவே, பிள்ளை அநாதை விடுதியில் வளர நேர்ந்தது. பின்னர்த் தந்தை வாங்கித்தந்த பிடிலைத் தெருவில் வாசிப்போரைப் பார்த்துப் பழகினார். முற்றங்களில் வாசித்துக் காசு பெற்றார். ஊமைப் படங்கள் காட்டும் கொட்டகைகளிலும் வாசித்தார். பியானோவுக்கு அதிக ஊதியம் கிடைத்த காலத்தில் அதனையும் வாசித்து ஜீவித்தார். எந்த வேலையையும் இழிவென்று தள்ளினாரில்லை.

1934-ல் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கிதார் வித்வானுடன் சேர்ந்து ஐவர் குழு ஒன்றை அமைத்தார். தீ விபத்தினால் இடக்கையின் இரு விரல்கள் முடங்கியும் இணையற்று வாசித்தவர் ஜாங்கோ. முரசில்லாமல், ஒரு பிடிலும் மூன்று கிதார்களும் ஒரு பெரிய பாஸ் வாத்தியமுமே கொண்டு அக்குழு ஐரோப்பாவை வசப்படுத்திற்று. 1939-ல் அவர்கள் லண்டனிலிருக்கையில் யுத்தம் மூண்டது. ஜாங்கோ பாரிஸ் திரும்பினார். கிராப்பெல்லி இங்கிலாந்திலேயே தங்கி, கண்பார்வையற்ற பியானோ வித்வான் ஜார்ஜ் ஷியரிங் முதலியோருடன் வாசித்தார். 1953-ல் ஜாங்கோ காலமானார்.

அதன்பின் ஜனங்களின் ருசி மாறிற்று. 1960-களின் இறுதியில், கீர்த்தி பெற்ற இவ்வித்வான் பாரிஸ் ஹோட்டலொன்றில் உணவருந்த வருவோருக்காக மாலைதோறும் வாசித்துவந்தார். ஆனால் கை தளரவில்லை, சாதகம் குறையவில்லை. 1973-ல், அறுபத்தைந்தாம் வயதில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நாட்டுப்பாடல் விழாவில் கிதார்க் குழுவோடு வாசித்தபோது இளைஞர் கூட்டம் அவரைக் கொண்டாடிற்று. அதுமுதல் இருபதாண்டுகளுக்கு மேலாக உலகைச் சுற்றிவந்தார்.

எழுதிய சங்கீதத்தில் கரைகண்ட யெஹுதி மெனுஹினோடும், 1984-ல் நம்மவரான எல். சுப்பிரமணியத்தோடும் சேர்ந்து இசைத்தட்டுகள் வெளியிட்டார். எவரோடு அமர்ந்தாலும் அவர்தம் முறைக்கு இசைந்தார்; தம் இனிய நாதத்தை மட்டும் விட்டுக்கொடுத்தாரில்லை. 1997-ல் எண்பத்தொன்பதாம் வயதில் காலமானார்.

அன்பர்களே! ஹோட்டல் விருந்தினருக்கு வாசித்த ஆண்டுகளில் அவர் மனமுடைந்து வில்லைக் கீழே வைத்திருந்தால், பிற்காலப் பெருமை ஏது? கலை எப்பொழுதும் செல்வம் தருமென்று நான் சொல்லேன். கிடைத்த வேலையை மதித்துச் செய்யும் பணிவும், புகழ் மங்கிய நாளிலும் சாதகத்தை விடாத உறுதியும் உங்கள் பிள்ளையிடம் உண்டா என்று பாருங்கள். உண்டெனில், தடுக்க வேண்டாம். ஒரு பிடில் வாங்கிக் கொடுங்கள்.